அலையுறை வடிகட்டி: கிதார் மிதிப்பெட்டி ஒன்றின் அமைப்பும் திருத்தங்களும்

'ஊ' என்று ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே வாயை மெல்லத் திறந்து 'ஆ' என முடித்தால் 'வா' என்னும் சொல் பிறக்கிறது. குரல்வளையில் எழும் ஒலி தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒன்றே. அதன் சுருதியும் மாறவில்லை. வாய்க்குழியின் வடிவம் மாறியதால், அவ்வொலியில் அடங்கியுள்ள மேற்சுரங்களுள் எவை ஓங்குகின்றன, எவை ஒடுங்குகின்றன என்பது மட்டுமே மாறியது. ஒலியியல் பாடத்தில் சுருதி, உரப்பு, பண்பு என்னும் மூன்றனுள் பண்பினை விளக்குவதே ஆசிரியருக்குக் கடினமாகும். முதலிரண்டையும் எளிதில் அளந்து காட்டலாம். பண்பினைக் காட்டச் சாதாரண ஆய்வகத்தில் தக்க கருவி இருப்பதில்லை. இசைக்கலைஞர் காலடியில் வைத்து இயக்கும் சிறு பெட்டி ஒன்று இக்குறையைப் பெரிதும் தீர்க்கவல்லது. ஆசிரியர் ஒருவர் இரண்டு மூன்று ஓய்வு நாள்களில் அதனைத் தாமே அமைத்துக்கொள்ளலாம்.

மின்கிதாரின் ஒலியை வாய் திறந்து மூடுவது போல மாற்றும் 'வா-வா' மிதிப்பெட்டி 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்னும் பொறியியலாரால் உருவாயிற்று. அதில் வாயின் வேலையைக் கலைஞரின் பாதம் செய்தது. பலகையை மிதித்தால் வடிகட்டியின் அதிர்வெண் உயரும். குதிகாலை அழுத்தினால் தாழும். அலையுறை வடிகட்டியிலோ பாதத்திற்கு வேலை இல்லை. நரம்பை ஓங்கி மீட்டினால் வடிகட்டி அகலத் திறக்கும். மெல்ல மீட்டினால் சிறிதே திறக்கும். ஒலி தேயத் தேயத் தானே மூடிக்கொள்ளும். மீட்டும் விரலின் விசையே கருவியை ஆளுகிறது. ஒலியலையின் முகடுகளைத் தொட்டுச் செல்லுமாறு ஒரு கோடு வரைந்தால், அக்கோடு அவ்வலையைப் போர்த்திய உறைபோலத் தோன்றும். அதனால் அக்கோட்டை அலையுறை என்பர்.

தோற்றம்

இவ்வகைக் கருவிகளுள் பெரும்புகழ் பெற்றது 1972ஆம் ஆண்டு வெளிவந்த மியூ-ட்ரான் 3 என்பது. அதன் வரலாறு ஒரு விபத்தோடு தொடங்குகிறது. கில்டு என்னும் கிதார் நிறுவனத்திற்காக மைக் பைகெல் என்னும் இளம் பொறியியலார் ஒரு மின்னிசைத் தொகுப்பியை வடிவமைத்து வந்தார். 1972ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் நிறுவனர் விமான விபத்தில் உயிரிழந்தார், திட்டமும் கைவிடப்பட்டது. கில்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஆரன் நியூமனும் பைகெலும் சேர்ந்து நியூ ஜெர்சி மாநிலத்தில் மியூசிட்ரானிக்ஸ் என்னும் சிறு தொழிற்கூடத்தை நிறுவினர். பெரிய தொகுப்பியைச் செய்ய முடியாவிடினும், அதிலுள்ள வடிகட்டிப் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பெட்டியிலிட்டு விற்கலாம் என்பது அவர்கள் கண்ட வழி.

மறு ஆண்டே, 1973இல், ஸ்டீவி ஒண்டர் 'ஹையர் கிரவுண்ட்' என்னும் பாடலில் கிளாவினெட் என்னும் விசைப்பலகைக் கருவியை இப்பெட்டியின் வழியே வாசித்தார். கிதாரிற்கெனச் செய்யப்பட்ட கருவி விசைப்பலகைக்கும் பொருந்தும் என்பதை அப்பாடல் காட்டிற்று. பின்னர் பூட்சி காலின்ஸ் தாழ்சுரக் கிதாரிலும், ஜெர்ரி கார்சியா கிதாரிலும் இதனைக் கையாண்டு தத்தமக்கென ஒரு குரலை அமைத்துக்கொண்டனர். நிறுவனம் 1970களின் இறுதியில் கைமாறி மறைந்தது. பைகெல் 1990களில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்திற்காக அதே அமைப்பைத் தழுவி க்யூ-ட்ரான் என்னும் பெட்டியை வடிவமைத்தார். பழைய பெட்டிகள் இன்று அரும்பொருள் விலைக்கு விற்கின்றன. அதனாலேயே அவற்றைப் போன்ற ஒன்றைத் தாமே அமைக்க முனைவோர் உலகெங்கும் பலர்.

உள்ளமைப்பு

பெட்டியினுள் இரண்டு வழிகள் உள்ளன. கிதாரிலிருந்து வரும் மின்குறிப்பு முதலில் ஒரு பெருக்கியை அடைந்து, அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழி வடிகட்டியினுள் சென்று ஒலியாக வெளிவருகிறது. மற்றொரு வழியில் அக்குறிப்பு திருத்தப்பட்டு, அதாவது எதிர்முகடுகள் நேர்முகடுகளாக மாற்றப்பட்டு, ஒரு மின்தேக்கியால் சமனாக்கப்படுகிறது. இவ்வாறு கிடைக்கும் மெல்ல ஏறியிறங்கும் மின்னழுத்தமே அலையுறை. அது ஒரு சிறு ஒளியுமிழ் டையோடை (எல்.இ.டி.) எரிக்கிறது. அதன் ஒளி இரண்டு ஒளிமின்தடைகளின் (எல்.டி.ஆர்.) மீது விழுகிறது. ஒளி மிகுந்தால் அவற்றின் தடை குறையும். தடை குறைந்தால் வடிகட்டியின் அதிர்வெண் உயரும். இரண்டு வழிகளும் மின்கம்பியால் இணையாமல் ஒளியால் மட்டுமே இணைவது இவ்வமைப்பின் அழகு. ஆளும் மின்னழுத்தம் ஒலியினுள் புகுந்து 'டக்' என்ற ஓசையை எழுப்ப இங்கே இடமில்லை.

வடிகட்டி, நிலைமாறி வடிகட்டி என்னும் வகையைச் சேர்ந்தது. கெர்வின், ஹியூல்ஸ்மன், நியூகோம் ஆகிய மூவர் 1967இல் வெளியிட்ட ஆய்வுரையால் இவ்வமைப்பு மின்னணுவியலில் பரவிற்று. ஒரு கூட்டும் பெருக்கியும், அதன்பின் வரிசையாக இரண்டு தொகையாக்கிகளும் ஒரு வளையமாக இணைகின்றன. கூட்டும் பெருக்கியின் வாயில் உயர் அதிர்வெண்களும், முதல் தொகையாக்கியின் வாயில் இடைப்பட்ட ஒரு பட்டையும், இரண்டாவதன் வாயில் தாழ் அதிர்வெண்களும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. மூன்றனுள் ஒன்றைத் தெரிய ஒரு சுழல்விசை போதும். ஒரே சுற்றில் மூவகை வடிகட்டிகளையும் மாணவர் கேட்டறியலாம் என்பது கற்பிப்போருக்குக் கிடைக்கும் பெரும்பயன்.

தொகையாக்கி ஒவ்வொன்றிலும் ஒரு தடையும் ஒரு மின்தேக்கியும் உண்டு. 2, 3.1416, தடை, தேக்கம் ஆகிய நான்கையும் பெருக்கி, அத்தொகையால் 1ஐ வகுத்தால் வடிகட்டியின் அதிர்வெண் கிடைக்கும். தேக்கம் 4.7 நானோஃபாரட் எனவும், தடை 100 கிலோஓம் எனவும் கொண்டால் விடை ஏறத்தாழ 339 ஹெர்ட்ஸ். தடை 10 கிலோஓமாகக் குறைந்தால் 3,400 ஹெர்ட்ஸை நெருங்கும். இக்கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டிய பின் அதே சுற்றைக் காதால் கேட்பித்தால் சூத்திரம் மாணவர் உள்ளத்தில் நிலைக்கும்.

அமைத்தல்

பொத்தல் பலகையில் அமைப்பதே எளிது. உறுப்புகள் தில்லி லஜ்பத் ராய் அங்காடி, பெங்களூர் எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலுள்ள சில்லறைக் கடைகளில் கிடைப்பவையே. டி.எல்.072 என்னும் இரட்டைச் செயற்பெருக்கிகள் மூன்று, ஒரு பச்சை அல்லது மஞ்சள் எல்.இ.டி., ஐந்தாறு எல்.டி.ஆர்.கள், சிறு டையோடுகள், தடைகள், தேக்கிகள், 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டு ஆகியன வேண்டும். எல்.டி.ஆர். இரண்டே தேவைப்படினும் ஐந்தாறு வாங்குவதன் காரணம் பின்னர் விளங்கும். இக்கருவியைச் சுவர் மின்சாரத்தோடு இணைக்கும் எண்ணமே மாணவருக்கு எழாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்; மின்கலமே போதுமானது. மூன்று செயற்பெருக்கிகளும் சேர்ந்து 8 அல்லது 9 மில்லிஆம்பியரே உண்பதால், நல்ல காரவகை மின்கலம் ஏறத்தாழ 30 மணி நேரமேனும் உழைக்கும்.

மின்கலம் இரண்டு எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். மியூ-ட்ரானிலும் இரண்டே இருந்தன. வடிகட்டியின் கூர்மையை 10 என்று அமைத்தால், ஒத்ததிரும் அதிர்வெண்ணில் குறிப்பு பத்து மடங்கு பெருகும். அரை வோல்ட் குறிப்பு 5 வோல்ட்டாகும். ஒரே மின்கலத்தை நடுவில் பகுத்துக்கொண்டால் ஒவ்வொரு பக்கமும் 4.5 வோல்ட்டே எஞ்சும். அலையின் முகடு வெட்டுண்டு ஒலி கரகரக்கும். இரண்டு மின்கலங்களை இட்டால் இருபக்கமும் 9 வோல்ட் கிடைத்து, அலை முழுமையாக உலவ இடமுண்டாகும். செலவைக் குறைக்க ஒரு மின்கலத்தோடு நிறுத்தும் சுற்றுகள் பல உள்ளன. அவை முதலில் இழப்பது இத்தெளிவையே.

பலரும் செய்வது எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்தபின் மின்கலத்தை இணைத்து, ஓசை வராமை கண்டு சோர்வது. வடிகட்டியை மட்டும் முதலில் அமைத்து, எல்.டி.ஆர். வரவேண்டிய இரண்டு இடங்களிலும் 100 கிலோஓம் நிலைத்தடைகளை இட்டுச் சோதித்தல் நன்று. பட்டை வடிகட்டியைத் தெரிந்து கிதாரை மீட்டினால், மேலே கணக்கிட்ட 339 ஹெர்ட்ஸுக்கு அண்மையிலுள்ள மெல்லிய நரம்பு (329.6 ஹெர்ட்ஸ்) ஓங்கி ஒலிக்கும், தடித்த நரம்பின் அடிச்சுரம் (82.4 ஹெர்ட்ஸ்) மெலிந்து கேட்கும். இவ்வாறு கேட்டால் வடிகட்டி செம்மையாக உள்ளதென்று துணியலாம். கிதார் இல்லாத பள்ளியில் ஒலி அலையியற்றியையோ வானொலிப் பெட்டியின் ஒலியையோ கொண்டு சோதிக்கலாம்.

அடுத்து அலையுறைப் பகுதி. தனி டையோடு 0.6 வோல்ட்டுக்குக் குறைந்த அழுத்தத்தைக் கடத்துவதில்லை. ஆதலால் மெல்லிய மீட்டல் அதன் வாயிலிலேயே மடிந்துபோகும். டையோடுகளைச் செயற்பெருக்கியின் பின்னூட்ட வளையத்தினுள் வைத்தால் இக்குறை நீங்கும். முழுஅலைத் திருத்தமே இங்கு ஏற்றது. அரைஅலைத் திருத்தத்தில் 82 ஹெர்ட்ஸ் நரம்பு அதே 82 ஹெர்ட்ஸ் அதிர்வை அலையுறையில் விட்டுவைக்கும். முழுஅலைத் திருத்தத்தில் அது 164 ஆகி எளிதில் சமனாகும். 100 கிலோஓம் தடையும் 1 மைக்ரோஃபாரட் தேக்கியும் சேர்ந்து தரும் 0.1 வினாடிக் காலமாறிலி தொடக்கத்திற்கு நடுநிலையானது.

இறுதியாக ஒளியிணைப்பு. இங்கேதான் பொறுமை வேண்டும். எல்.டி.ஆர்.கள் ஒரே பையிலிருந்து எடுத்தவையாயினும் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஒவ்வொன்றையும் கருநிறக் குழாயினுள் எல்.இ.டி.யின் எதிரே வைத்து, 1 மில்லிஆம்பியர் செலுத்தித் தடையை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பத்துச் சதவீத வேறுபாட்டிற்குள் அமையும் இரண்டைத் தேர்ந்து இணையாக்க வேண்டும். காட்மியம் சல்பைடு பச்சை, மஞ்சள் ஒளிகளை மிக நன்றாக உணரும். அதனாலேயே அந்நிற எல்.இ.டி. கூறப்பட்டது. தேர்ந்த இணையை எல்.இ.டி.யோடு கருநிறச் சுருங்குகுழாயில் அடைத்து, இருமுனைகளையும் கருநாடாவால் மூட வேண்டும். மூடியில் இடுக்கு இருப்பின் வகுப்பறைக் குழல்விளக்கே கருவியை வாசிக்கத் தொடங்கிவிடும். நமது நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்குகிறது. அம்மினுக்கம் வடிகட்டியில் ஒரு நடுக்கமாகக் கேட்கும். விளக்கை அணைத்தவுடன் நடுக்கம் நின்றால் காரணம் உறுதி. இதனை மாணவர்க்கு வேண்டுமென்றே ஒருமுறை செய்து காட்டுதலும் தகும்.

இருளில் எல்.டி.ஆர். பல மெகாஓம் தடை காட்டும். அப்போது வடிகட்டியின் அதிர்வெண் கேள்வி எல்லைக்குக் கீழே சென்று, ஒலியே மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு எல்.டி.ஆர்.ருடன் தொடராக 10 கிலோஓமும், அவ்விரண்டுக்கும் குறுக்கே 330 கிலோஓமும் இடுதல் வேண்டும். 4.7 நானோஃபாரட் தேக்கியோடு வடிகட்டியின் உலா இனி ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை அடங்கும். 10 நானோஃபாரட் தேக்கிகளை ஒரு விசையால் மாற்றி இணைத்தால் உலா 50 முதல் 1,600 வரை கீழிறங்கித் தாழ்சுரக் கிதாருக்கும் இசையும். மியூ-ட்ரானில் காணும் உயர், தாழ் வீச்சு விசையின் உட்பொருள் இத்தேக்கி மாற்றமே.

திருத்தங்கள்

சுற்று ஒருமுறை இயங்கிவிட்டால் அதனைத் திருத்திப் பார்ப்பதில்தான் கல்வி மிகுதி. பழங்கால எல்.இ.டி.க்கள் மங்கலானவை, இக்காலத்தவை அதே மின்னோட்டத்தில் பன்மடங்கு ஒளிர்வன. பழைய சுற்றுப் படத்தை அப்படியே பின்பற்றினால், மெல்லத் தொட்டாலும் வடிகட்டி முழுதும் திறந்துகொண்டு அங்கேயே நிற்கும். கருவி கெட்டுவிட்டதென எண்ண வேண்டுவதில்லை. எல்.இ.டி.யின் தொடர்தடையை 1 கிலோஓமிலிருந்து படிப்படியாக 10 கிலோஓம் வரை உயர்த்திப் பார்த்தால், மென்மீட்டலும் வன்மீட்டலும் வேறுபட்டு ஒலிக்கும் இடம் புலப்படும்.

திசைமாற்றம் மிகச் சுவையானது. அலையுறையைத் தலைகீழாக்கினால் எல்.இ.டி. ஓய்வில் எரிந்துகொண்டிருந்து, மீட்டியவுடன் மங்கும். ஒலி 'வா' என்று திறவாமல் 'ஆவ்' என்று மூடும். மாற்றம் திசையில் மட்டும் நிகழ்வதன்று. காட்மியம் சல்பைடு ஒளிபட்டவுடன் சில மில்லிவினாடிகளில் தடை குறையும். ஒளி நீங்கினாலோ பழைய தடைக்குத் திரும்பப் பன்மடங்கு நேரம் கொள்ளும். ஆகவே மேல்நோக்கிய திசையில் திறப்பு விரைவாகவும் மூடல் மெதுவாகவும் அமையும். கீழ்நோக்கிய திசையிலோ மீட்டலின் தொடக்கத்திலேயே இந்தத் தாமதம் குறுக்கிட்டு, ஒலி குழைந்து இறங்கும். எல்.டி.ஆர்.ருக்குப் பதிலாக விரைந்து இயங்கும் டிரான்சிஸ்டரை வைத்தோர் பலர் 'பழைய ஒலி வரவில்லை' என்று கூறுவதற்கு இத்தாமதமே காரணம். பொருளின் குறைபாடு எனப் பாடநூல் கூறும் ஒன்று இங்கு இசையின் இனிமையாகிறது.

பட்டை வடிகட்டியிலும் உயர்வடிகட்டியிலும் அடிச்சுரம் இழக்கப்படுவதால் தாழ்சுரக் கிதார் மெலிந்து ஒலிக்கும். மாறாத மூலக்குறிப்பில் ஒரு பகுதியை வெளிவாயிலில் கலந்துவிட்டால் இக்குறை தீரும். ஒரு மாறுதடையும் இரண்டு நிலைத்தடைகளும் போதும். சமனாக்கும் தேக்கியை 1இலிருந்து 0.47 மைக்ரோஃபாரடாகக் குறைத்தால் விரைந்த வாசிப்புக்கு ஈடுகொடுக்கும், ஆயினும் தடித்த நரம்பில் சிறிது கரகரப்பு எழும். 2.2 ஆக்கினால் வழுவழுப்பாகும், ஆயினும் அடுத்தடுத்த மீட்டல்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். இரண்டும் ஒருங்கே கிடைப்பதில்லை. வேறு பெட்டிகளோடு தொடராக இணைப்போர் இதனை முதலாவதாக வைத்தல் நலம். உருக்குலைப்புப் பெட்டிக்குப் பின் வைத்தால், ஏற்றத்தாழ்வு நசுங்கிய குறிப்பே இதற்கு வந்து சேரும்; வடிகட்டி அசையாது நிற்கும்.

காட்மியம் பற்றி

எல்.டி.ஆர்.ரில் உள்ள காட்மியம் நச்சு உலோகம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் அதனை எடையில் 0.01 சதவீதத்திற்குள் வரையறுத்தது. தொழில்முறை ஒலிக்கருவிகளின் ஒளியிணைப்புகளுக்கு அளித்த விதிவிலக்கும் 2013 டிசம்பர் 31இல் முடிவுற்றது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளும் அதே வரம்பை வகுத்தன. இதனால் பெரிய நிறுவனங்கள் புதிய பெட்டிகளில் வேறு வழிகளை நாட, பழைய கருவிகளைப் பழுதுபார்ப்போர் கைவசமுள்ள உறுப்புகளைத் தேடி அலைய நேர்ந்தது. அவர்கள் குறை பொய்யன்று; ஆயினும் ஆற்றிலும் வயலிலும் சேரும் காட்மியம் நெல்லில் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதும் பொய்யன்று. ஓர் ஒலிக்காகத் தடையைத் தளர்த்துமாறு கேட்பது மிகையே. கையிலுள்ள பழைய உறுப்பை வீணாக்காது பயன்படுத்துவதில் அத்தகைய மறுப்புக்கு இடமில்லை. காட்மியமின்றி அமைக்க விரும்புவோர் எல்.எம்.13700 என்னும் கடத்துபெருக்கியைத் தொகையாக்கிகளில் வைக்கலாம். அலையுறைக்குப்பின் ஏற்றம் விரைவாகவும் இறக்கம் மெதுவாகவும் அமையுமாறு ஒரு டையோடும் தேக்கியும் சேர்த்தால் பழைய தாமதத்தையும் ஓரளவு போலச்செய்யலாம்.

முழுதாக இருக்கும் எல்.டி.ஆர். கையாளுவதற்குத் தீங்கற்றது. அதன் முகப்பைச் சுரண்டுதல், அறுத்தல், தீயிலிடல் ஆகாது. சோதனையில் தேறாத மூன்று நான்கையும், பின்னர் பழுதானவற்றையும் பெயரெழுதிய மூடிபோட்ட புட்டியொன்றில் சேர்த்துவைத்து, பள்ளியின் பழைய கணிப்பொறி உறுப்புகளோடு அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.